முதலில் எந்தக் கதவு?

பேருந்தில் ஏற யாரும் காத்திருக்காத நிறுத்தத்தில் முன்கதவு அசையாது. இறங்குவோருக்காகப் பின்கதவு மட்டும் திறக்கும். இறங்க ஆளில்லை என்றால் முன்கதவு மட்டும் திறக்கும். ஓட்டுநர் இரண்டையும் தனித்தனியாக இயக்குகிறார். இதை நாம் தினமும் பார்க்கிறோம், கவனித்ததில்லை.

அதே பின்கதவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது ஒரு கதவு அல்ல. நடுவில் சந்திக்கும் இரண்டு பாதிகள். இந்தக் கட்டுரையில் ஒவ்வொரு பாதியையும் ‘பலகை’ என்றே சொல்கிறேன். அந்த இரண்டு பலகைகளும் சேர்ந்தே திறக்கும், சேர்ந்தே மூடும். ஒரே பேருந்தில் கதவுக்குக் கதவு தனி உரிமை உண்டு. பலகைக்குப் பலகை கிடையாது. ஏன்?

இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் எங்கள் குழுவிடம் ஒரு வடிவமைப்புப் பணி ஒப்படைக்கப்படும் வரை இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. சிறு கடைகளுக்குச் சரக்கு கொண்டுசெல்லும் மின்சார வேன் ஒன்றுக்குப் பின்பக்க இரட்டைக் கதவு வடிவமைக்க வேண்டும். நிபந்தனை ஒரே வரிதான்: இரண்டு பலகைகளும் ஒன்றை ஒன்று எதிர்பார்க்காமல் திறக்கவும் மூடவும் வேண்டும்.

நாங்கள் நால்வரும் அதை எளிதான பணி என்றுதான் நினைத்தோம். இரண்டு கதவு, நான்கு கீல், இரண்டு பூட்டு, அவ்வளவுதானே!

ஒரு பாதி போதும்

வரைபடம் போடுவதற்கு முன்பு வேலை நடக்கும் இடத்தைப் பார்க்க விரும்பினோம். லிட்டில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தோம். தேக்கா நிலையம், பஃப்ளோ ரோட்டுக் காய்கறிக் கடைகள், டன்லப் ஸ்திரீட்டைச் சுற்றியுள்ள கடைவீடுகள், அவற்றின் பின்சந்துகள் என்று சில காலைகள் நடந்தோம்.

வெங்காய மூட்டை, கறிவேப்பிலைக் கட்டு, தேங்காய், பூக்கூடை என எல்லாம் வண்டியிலிருந்துதான் இறங்குகின்றன. இறக்குபவரின் இரண்டு கைகளும் எப்போதும் நிறைந்திருக்கும். கதவைத் திறப்பது பெரும்பாலும் முழங்கையும் தோளும்தான்.

சந்து அகலமில்லை. இரண்டு பலகைகளையும் விரித்தால் பின்னால் வரும் தள்ளுவண்டிக்கு வழியில்லை. அதனால் பலரும் ஒரு பலகையை மட்டும் திறந்து வேலையை முடிக்கிறார்கள். பெரிய பெட்டி வரும்போதுதான் மற்றது திறக்கிறது.

காய்கறி இறக்கிக்கொண்டிருந்த ஓட்டுநர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“அண்ணே, ரெண்டு கதவையும் ஏன் திறக்க மாட்டேங்கிறீங்க?”

“எதுக்குத் தம்பி? சாலையோரத்துல நிக்கும்போது வலது கதவைத் திறந்தா, நான் சரக்கை எடுக்க ரோட்டுப் பக்கம்தான் நிக்கணும். பின்னாடி வர்ற வண்டி என்னைத்தான் தட்டும்.”

நாம் சாலையின் இடப்பக்கமாக வண்டி ஓட்டுகிறோம். ஆகவே வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் இடது பலகை நடைபாதைப் பக்கம், வலது பலகை போக்குவரத்துப் பக்கம். அவர் ஒரு நிமிடத்தில் சொன்னதை எந்தப் பாடநூலும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஆனால், சந்துக்குள் வண்டி எந்தப் பக்கம் ஒட்டி நிற்கும் என்பது இடத்தைப் பொறுத்து மாறும். அப்போது வலது பலகைதான் வசதி. நிபந்தனையில் ‘ஒன்றை ஒன்று எதிர்பார்க்காமல்’ என்ற சொற்கள் இருந்ததற்கான காரணம் அங்குதான் எங்களுக்குப் புரிந்தது.

அவருடைய வலக்கை மோதிர விரலின் நகம் கோணலாக வளர்ந்திருந்தது. கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே, “ரெண்டு கதவும் சேர்ற இடத்துல விரல் மாட்டிக்கிச்சு. பழைய கதை” என்றார். அதையும் குறித்துக்கொண்டேன்.

வலது முதலில், இடது பிறகு

இரட்டைக் கதவு புதிய விஷயமன்று. லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளின் வாசல்களிலும் இரட்டைக் கதவுகள் உண்டு. வீட்டில் இரட்டைக் கதவு வைத்திருந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வழக்கம் தெரியும். ஒரு பலகையை மேலும் கீழும் தாழிட்டு நிறுத்திவிட்டு, மற்றதைத்தான் அன்றாடம் திறப்பார்கள். திறக்கும் பலகையின் ஓரத்தில் ஒரு மரச்சட்டம் நீட்டிக்கொண்டு மற்ற பலகையின் மேல் படியும். மழையும் தூசியும் நடு இடைவெளி வழியே உள்ளே வராமல் அந்தச் சட்டம் தடுக்கும்.

அந்தச் சட்டத்தில்தான் சிக்கலும் இருக்கிறது. எந்தப் பலகை மேலே படிகிறதோ அது முதலில் திறந்தாக வேண்டும். கடைசியில் மூடியாக வேண்டும். வரிசை மாறினால் இடிக்கும்.

இந்த வரிசையின் மிகப் பெரிய காட்சிச்சாலை நம் துறைமுகம். 1972 ஜூன் 23ஆம் தேதி தஞ்சோங் பகார் கொள்கலன் முனையத்துக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து இந்தத் தீவு எத்தனையோ கொள்கலன்களைக் கையாண்டு வருகிறது. சாதாரண கொள்கலனின் கதவை நேராக நின்று பாருங்கள். வலது பலகை இடது பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். வலதைத் திறக்காமல் இடதைத் திறக்க முடியாது.

இது குறையா? இல்லை. சுங்கத்துறை முத்திரையை வலது பலகையில் இட்டால் போதும். அது உடையாதவரை இரண்டு பலகைகளும் திறக்கப்படவில்லை என்று நம்பலாம். ஒரு பலகை மற்றொன்றைச் சார்ந்திருப்பதால் ஒரே முத்திரை இரண்டையும் காக்கிறது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். சார்ந்திருப்பது மலிவு, காவலும் எளிது. தனித்தனியாக இயங்குவதற்கு ஒரு விலை உண்டு. யாருக்கு அந்தச் சுதந்திரம் உண்மையிலேயே தேவை என்று கேட்ட பிறகுதான் அந்த விலையைக் கொடுக்க வேண்டும். கடலில் பல வாரம் பூட்டியே கிடக்கும் கொள்கலனுக்கு அது தேவையில்லை. ஒரு காலையில் இருபது கடை வாசலில் நிற்கும் வேனுக்குத் தேவை.

மூன்று வழிகள்

இரண்டு பலகைகளையும் உண்மையிலேயே தனித்தனியாக இயக்க என்ன செய்யலாம்? எங்கள் குழுவின் வெள்ளைப் பலகையில் கடைசியில் மூன்று வழிகள் நின்றன.

முதல் வழி, நடுவில் ஒரு தூண். ஒவ்வொரு பலகையும் அந்தத் தூணில் தனித்தனியாகப் பூட்டிக்கொள்ளும். மழைநீர் வராது, உறுதியும் அதிகம். ஆனால் வாசல் இரண்டாகப் பிளந்துவிடும். அகலமான பெட்டி உள்ளே போகாது. இரட்டைக் கதவு வைத்ததன் பயனே போய்விடும்.

இரண்டாவது வழி, கொள்கலனைப் போல் ஒரு பலகை மற்றதன் மேல் படிவது. மலிவு, எளிது. ஆனால் வரிசை உண்டு. நிபந்தனைக்கு ஒத்துவராது.

மூன்றாவது வழி, தூணும் இல்லை, படியும் சட்டமும் இல்லை. ஒவ்வொரு பலகையும் மேலே கூரையிலும் கீழே தளத்திலும் தானே பூட்டிக்கொள்ளும். கைப்பிடியைத் திருப்பினால் ஒரு கம்பி மேல்நோக்கியும் ஒரு கம்பி கீழ்நோக்கியும் நகரும். நடுவில் இரு பலகைகளின் ஓரத்திலும் உள்ளீடற்ற ரப்பர் பட்டைகள். மூடும்போது இரண்டும் கன்னத்தோடு கன்னம் வைத்ததுபோல் அழுந்திக்கொள்ளும். எது முதலில் மூடினாலும் கவலையில்லை.

நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். அதற்கான விலையும் உடனே தெரிந்தது. ஒரு பூட்டு இருந்த இடத்தில் இப்போது நான்கு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் வெறும் ரப்பரை நம்பி நடு இடைவெளியை விட வேண்டியிருக்கிறது. பலகைகள் ஒன்றை ஒன்று தாங்கிக்கொள்ளாததால் ஒவ்வொன்றும் தனியே விறைப்பாக இருக்க வேண்டும், எடை கூடும்.

ரப்பர் எவ்வளவு தடிமன் என்பதில் இன்னொரு கணக்கும் சேர்ந்தது. இயந்திரப் பாதுகாப்புக்கான அனைத்துலகத் தரநிலை ஒன்று, விரல் நசுங்காமல் இருக்க அசையும் பாகங்களுக்கிடையே குறைந்தது 25 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது. ஆகவே இரண்டு உலோக ஓரங்களுக்கும் நடுவே அதற்கும் சற்று அதிகமான இடம்விட்டு, அதை மென்மையான ரப்பரால் நிரப்பினோம். விரல் மாட்டினாலும் ரப்பர் அழுந்தும், எலும்பு முறியாது. அந்த ஓட்டுநரின் கோணல் நகம் எங்கள் வரைபடத்தில் ஓர் எண்ணாக மாறியது.

ஒரே காரில் இரண்டு பாடங்கள்

இப்படிப்பட்ட கதவுகளை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்த கார் நிறுவனங்கள் என்ன செய்தன என்று தேடியபோது, ஒரே காரில் இரண்டு பாடங்கள் கிடைத்தன. 2007ல் அறிமுகமான மினி கிளப்மேன்.

அதன் பின்பக்கம் மேல்நோக்கித் திறக்கும் வழக்கமான கதவு இல்லை. பக்கவாட்டில் விரியும் இரட்டைக் கதவு. அதற்கும் வரிசை உண்டு: வலது முதலில், இடது பிறகு. 2015ல் வந்த அடுத்த தலைமுறையில் பின்விளக்குகள் கதவுப் பலகைகளிலேயே பொருத்தப்பட்டன. கதவை விரித்துவைத்தால் விளக்குகளும் திரும்பிக்கொள்ளும். பின்னால் வருபவருக்கு அவை தெரியாது. அதனால் பின்பக்க பம்பரில் கூடுதலாக ஒரு ஜோடி விளக்குகள் வைக்கப்பட்டன. இதைப் படித்த அன்றே எங்கள் வேனின் விளக்குகளைக் கதவில் வைக்காமல் உடற்சட்டத்திலேயே வைப்பதென்று முடிவெடுத்தோம்.

இரண்டாவது பாடம் பக்கவாட்டில். 2007 கிளப்மேனின் வலப்பக்கத்தில் முன்கதவுக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு இருந்தது. அதன் கீல் பின்பக்கத்தில். முன்கதவைத் திறந்தால்தான் அதைத் திறக்கலாம். ஓடும் காரில் பின்னிருக்கைக் குழந்தை அதைத் தவறுதலாகத் திறந்துவிட முடியாது என்பதால் இந்தச் சார்பு நல்லதே.

ஆனால், அந்தச் சின்னக் கதவு எல்லா நாட்டிலும் வலப்பக்கத்தில்தான் இருந்தது. சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் அது நடைபாதைப் பக்கம். பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் அது போக்குவரத்துப் பக்கம். பின்னிருக்கையில் இருந்து இறங்கும் பிள்ளை நேராகச் சாலையில் கால் வைக்க வேண்டும். பிரிட்டனில் இதற்குக் கடும் விமர்சனம் எழுந்தது. அடுத்த தலைமுறை காரில் அந்தச் சின்னக் கதவு இல்லை. இரு பக்கமும் வழக்கமான இரண்டிரண்டு கதவுகளே வந்தன.

இயந்திரம் பிழையின்றி வேலை செய்தது. கதவுதான் தவறான ஊரில் திறந்தது. லிட்டில் இந்தியா ஓட்டுநர் ஒரே வாக்கியத்தில் சொன்னதும் இதைத்தான்.

ஒரு நடைமேடையில் 96 பலகைகள்

பேருந்துப் பலகைகள் ஏன் சேர்ந்தே இயங்குகின்றன என்ற கேள்விக்கு இப்போது வரலாம்.

நம் பொதுப் பேருந்துகளில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் பின்கதவில்தான் இருக்கிறது. ஓட்டுநர் இறங்கி வந்து அதைக் கையால் விரிப்பார். சிங்கப்பூரில் சக்கர நாற்காலியில் ஏறக்கூடிய பொதுப் பேருந்துகள் 2006ல் சேவைக்கு வந்தன. 2020 டிசம்பருக்குள் எல்லாப் பொதுப் பேருந்துகளும் அப்படி மாறின. சாய்தளத்துக்கு முழு அகலமும் வேண்டும். கூட்டமாக இறங்குவோருக்கும் முழு அகலம் வேண்டும். பாதிக் கதவு யாருக்கும் உதவாது. ஆகவே பலகைகளுக்குச் சுதந்திரம் தரவில்லை, கதவுகளுக்குத் தந்தார்கள்.

ரயிலில் இது இன்னும் தெளிவு. லிட்டில் இந்தியா நிலையத்தில் 2003 ஜூன் 20 முதல் வடக்கு கிழக்கு ரயில் தடம் இயங்குகிறது. 2015 டிசம்பர் 27 முதல் டௌன்டவுன் ரயில் தடமும் அங்கே நிற்கிறது. இரண்டிலும் ரயிலை இயக்க ஓட்டுநர் தேவையில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். வடக்கு கிழக்கு ரயிலில் 6 பெட்டிகள். ஒரு பெட்டியின் ஒரு பக்கத்தில் 4 கதவுகள். ஆக 24 கதவுகள். ஒவ்வொன்றிலும் 2 பலகைகள் என்றால் 48. நடைமேடையிலும் அவற்றுக்கு எதிரே தடுப்புக் கதவுகள். அங்கும் 48 பலகைகள். ஒரு ரயில் வந்து நின்றால் நம் முன்னால் 96 பலகைகள் அசைகின்றன.

ஒரே கதவின் இரு பலகைகள் ஒன்றை ஒன்று சார்ந்தவை. பல நகர ரயில்களில் ஒரே மோட்டார் ஒரு நீண்ட திருகுத் தண்டைச் சுழற்றும். தண்டின் ஒரு பாதியில் மரை வலம்புரி, மறு பாதியில் இடம்புரி. சுழலும் திசை ஒன்றே. பலகைகள் எதிரெதிராக நகரும். ஒன்று திறந்து மற்றது மூடியிருக்க வாய்ப்பே இல்லை.

ஆனால், கதவுக்குக் கதவு சுதந்திரம் உண்டு. ஒருவரின் பை நான்காவது கதவில் சிக்கினால் அந்தக் கதவு மட்டும் பின்வாங்கி மறுபடி மூடும். மற்ற 23ம் மூடியே நிற்கும். ஒரு கதவு பழுதானால் பணியாளர் அதை மட்டும் பூட்டிவைக்கலாம், ரயில் ஓடும்.

எந்த மட்டத்தில் சுதந்திரம் தருவது என்பதே முக்கியமான முடிவு. பலகைக்கா, கதவுக்கா, மொத்தப் பக்கத்துக்கா? விடை இயந்திரத்தில் இல்லை. யார் அதன் வழியே போகிறார்கள் என்பதில் இருக்கிறது.

எல்லாரும் ‘சரி’ சொல்ல வேண்டும்

சுதந்திரம் தந்தாயிற்று. இப்போது ரயில் புறப்பட வேண்டும். அத்தனை கதவும் மூடிவிட்டனவா என்று ஓட்டுநர் இல்லாத ரயிலுக்கு எப்படித் தெரியும்?

உயர்நிலைப் பள்ளி இயற்பியலில் நாம் படித்த தொடர் மின்சுற்று நினைவிருக்கிறதா? அதே ‘சீரிஸ் சர்க்கியூட்’தான். ஒவ்வொரு கதவிலும் ஒரு சுவிட்ச். எல்லாம் ஒரே கம்பியில் வரிசையாக. 24ம் மூடிப் பூட்டினால்தான் மின்னோட்டம் சுற்றி வரும். ரயில் புறப்பட அனுமதி கிடைக்கும். ஒன்று திறந்திருந்தாலும் ஓட்டம் நிற்கும். கம்பி அறுந்தாலும் ஓட்டம் நிற்கும். அதாவது, சந்தேகம் வந்தால் விடை ‘இல்லை’ என்பதே. பழுதாகும்போதும் பாதுகாப்பான பக்கத்துக்கே சாயும் வடிவமைப்பு இது.

இதையே இணை மின்சுற்றாகப் போட்டால்? ஒரே ஒரு கதவு மூடினாலும் மின்னோட்டம் பாயும். ‘எல்லாம் சரி’ என்று பொய் சொல்லும். தேர்வில் ஒரு மதிப்பெண் வித்தியாசம். இங்கே ஓர் உயிர் வித்தியாசம்.

எங்கள் வேனுக்கு நான்கு பூட்டுகள். நான்கு சுவிட்சுகளைத் தொடராக இணைத்தோம். ஆய்வுக்கூடத்தில் எங்கள் வரைபடத்தைப் பார்த்த தொழில்நுட்பர் ஒருவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “இந்த சுவிட்ச் எதைப் பார்க்கிறது? கதவையா, பூட்டையா?”

மூடியிருப்பது வேறு, பூட்டியிருப்பது வேறு. கார் கதவை மெதுவாகச் சாத்தினால் முதலில் ஒரு ‘டிக்’. அழுத்தினால் இரண்டாவது ‘டிக்’. கார் கதவுப் பூட்டில் இரண்டு நிலைகள் உண்டு. ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் 11ஆம் எண் வாகன விதிமுறை இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்கிறது. முழுதாகப் பூட்டிய நிலையில் பூட்டு 11,000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். பாதிப் பூட்டில் 4,500 நியூட்டன் போதும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு நிலைகளிலும் கதவு ‘மூடித்தான்’ இருக்கும். வலிமை பாதிக்கும் குறைவு.

346 பேர்

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை உலகம் ஒரு விமானத்தில் கற்றது.

1972 ஜூன் 12ஆம் தேதி, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் டிசி-10 ரக விமானம் கனடாவின் வின்சர் நகருக்கு மேலே பறந்தபோது அதன் பின்பக்கச் சரக்குக் கதவு பிய்த்துக்கொண்டு போனது. விமானி எப்படியோ டெட்ராய்ட்டில் பத்திரமாக இறக்கினார். கதவின் கொக்கிகள் முழுதாக மாட்டாமலேயே வெளிக் கைப்பிடியை அழுத்தி மூடிவிட முடியும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இருபது மாதங்களுக்குப் பிறகு, 1974 மார்ச் 3ஆம் தேதி, பாரிசின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட துருக்கி ஏர்லைன்சின் டிசி-10 விமானத்தில் அதே கதவு, அதே முறையில் பிய்ந்தது. பயணிகள் தளம் இடிந்து கட்டுப்பாட்டுக் கம்பிகள் அறுந்தன. எர்மெனோன்வில் காட்டில் விழுந்த அந்த விமானத்தில் 346 பேரும் மாண்டனர்.

கைப்பிடி மூடியிருந்தது. எச்சரிக்கை விளக்கு அணைந்திருந்தது. கொக்கி மட்டும் மாட்டியிருக்கவில்லை.

இன்னொரு விவரம் என்னை இப்போதும் விடவில்லை. கதவை எப்படிச் சரிபார்ப்பது என்ற குறிப்பு ஆங்கிலத்திலும் துருக்கி மொழியிலும் ஒட்டப்பட்டிருந்தது. அன்று கதவை மூடிய பணியாளருக்கு வேறு மொழிகள் நன்றாகத் தெரியும். அந்த இரண்டும் படிக்கத் தெரியாது.

எழுத்து இல்லாத எச்சரிக்கை

பள்ளியில் இரண்டு மொழிகளில் படித்து வளர்ந்த எனக்கு, ஓர் எச்சரிக்கையைத் தமிழிலும் எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று தோன்றுவது இயல்பு. லிட்டில் இந்தியாவில் சரக்கு இறக்குபவர்களைப் பாருங்கள். தமிழ், வங்காளம், சீனம், மலாய் என்று ஒரே சந்தில் எத்தனை மொழிகள்! எல்லாவற்றிலும் எழுதினால் கதவில் இடம் போதாது. அதிகாலை இருட்டில், தோளில் மூட்டையோடு நிற்பவர் எதையும் படிக்கவும் போவதில்லை.

எனவே கதவே பேச வேண்டும் என்று முடிவுசெய்தோம். ஒவ்வொரு பலகைக்கும் தனிக் கைப்பிடி. மேலும் கீழும் இரண்டு கம்பிகளும் முழுதாகப் போய்ச் சேர்ந்தால்தான் கைப்பிடி பலகையோடு சமமாகப் படியும். ஒன்று குறைந்தாலும் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் உட்புறத்துச் சிவப்பு தெரியும். பார்க்காவிட்டாலும் கைக்குத் தட்டுப்படும். எழுத்து தேவையில்லை.

சுவிட்சுகளைப் பலகையிலிருந்து எடுத்து, கம்பி போய்ச் சேரும் குழிகளுக்குள் வைத்தோம். அவை கதவைப் பார்க்கவில்லை, பூட்டைப் பார்க்கின்றன.

சுற்று அறுந்தால் வேன் என்ன செய்ய வேண்டும் என்பதில் எங்களுக்குள் நீண்ட வாதம் நடந்தது. ஓடவே கூடாது என்றார் ஒருவர். விரைவுச்சாலையில் ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது சுவிட்ச் ஒரு கணம் விலகினால் வண்டி நடுவழியில் நிற்பதா என்று கேட்டார் மற்றவர். கடைசியில் இரண்டாகப் பிரித்தோம். நிற்கும் வண்டி, நான்கு பூட்டும் ‘சரி’ சொல்லாமல் புறப்படாது. ஓடும் வண்டி நிற்காது. ஒலியும் விளக்கும் ஓட்டுநரை எச்சரிக்கும், எந்தப் பலகை என்பதையும் காட்டும். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் திறக்க ஒவ்வொரு பலகையின் உட்புறமும் ஒரு பிடி உண்டு.

இப்போது எங்கள் மாதிரி முழு அளவில் நிற்கிறது. குழாய்நீர் பாய்ச்சும் சோதனையில் நடு ரப்பர் நன்றாகவே தாங்குகிறது. ரப்பரும் தளமும் சந்திக்கும் கீழ் மூலையில் இன்னும் சில சொட்டுகள் கசிகின்றன. ரப்பரை இறுக்கினால் கசிவு நிற்கும். ஆனால் முழங்கையால் மூட முடியாது. தளர்த்தினால் மூடுவது எளிது. அரிசி மூட்டை நனையும். இறுதி மதிப்பீட்டுக்குள் இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் கண்டுபிடிக்க வேண்டும்.

பொறியியல் படிக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு சிறிய வீட்டுப்பாடம் தருகிறேன். இந்த வாரம் ஐந்து இரட்டைக் கதவுகளைக் கவனியுங்கள். குளிர்பதன லாரி, மின்தூக்கி, எம்ஆர்டி, கோயில் வாசல், மருத்துவ வண்டி என எதுவானாலும் சரி. ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இரண்டு பலகைகளில் எது முதலில் திறக்கும்? அப்படி ஏன் வைத்தார்கள்? இரண்டும் பூட்டிவிட்டன என்பதை யார், எப்படித் தெரிந்துகொள்கிறார்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத கதவு எதையாவது கண்டால், அதுதான் உங்கள் முதல் வடிவமைப்புப் பணி.